வாசல்வரை உடன் செல்வோம்

கேரளத்தில் வைக்கம் மகாதேவர் ஆலயத்துடன் பழைய வழக்கம் ஒன்று சேர்த்துச் சொல்லப்படுகிறது. இரவுப் பூஜை முடிந்து நடை சாத்துவதற்கு முன், ஆலயத்தைச் சேர்ந்த ஒருவர் வாயிலில் நின்று, இரவு உணவு கிடைக்காமல் பட்டினியாக இருப்பவர் யாரேனும் உண்டா என்று உரத்த குரலில் வினவுவார். அப்படி யாரேனும் இருந்தால் அவருக்கு உணவு அளிக்கப்படும்.

அன்னதானம் செய்யும் ஆலயங்கள் நம் நாட்டில் ஏராளம். இந்த வழக்கத்தில் மட்டும் தனித்த ஒரு நுட்பம் இருக்கிறது. உணவு ஆயத்தமாக உள்ளது என்பதோடு கடமை முடிந்துவிட்டதாக அங்கே கருதப்படவில்லை. பசித்தவர் இருளில் ஒதுங்கி நிற்கலாம். கேட்க வெட்கப்படலாம். உள்ளே உணவு உண்டு என்பதையே அறியாதிருக்கலாம். ஆகவே, வெளியே வந்து கேட்கும் பொறுப்பு கொடுப்பவரிடமே வைக்கப்பட்டது.

இன்று ஏழை மக்களுக்கான உதவியின் பெரும்பகுதி சட்டங்கள், திட்டங்கள், அலுவலகங்கள், கணினிப் பதிவுகள் ஆகியவற்றின் வழியாக வருகிறது. கோடிக்கணக்கான மக்களைச் சென்றடைய வேறு வழியும் இல்லை. ஆனால் வாயிலில் நின்று கேட்கும் அந்தக் குரல் இங்கே அரிதாகிவிட்டது. அதனால் நம் முன் ஓர் அறக் கேள்வி எழுகிறது: துன்புறும் ஒருவருக்குரிய உதவி எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்நிலையில் அவருக்கு வழி சொல்வது, மனமிருந்தால் செய்யலாம் என்ற வகையைச் சேர்ந்த செயலா? அல்லது செய்யாமல் விட்டால் குற்றமாகிவிடும் கடமையா?

ஒக்கலிபுரத்தில் ஒரு வீடு

பெங்களூரு நகர இரயில் நிலையத்தை ஒட்டி, இருப்புப்பாதைகளுக்கு அருகே அமைந்துள்ளது ஒக்கலிபுரம். அங்கும் அடுத்துள்ள ஸ்ரீராமபுரத்திலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. நெசவாலைகளும் இரயில்வேயும் கட்டட வேலையும் தமிழர் பலரை இந்நகருக்கு அழைத்து வந்தன. 1884-இல் தொடங்கப்பட்ட பின்னி ஆலை போன்ற பழைய ஆலைகள் ஓய்ந்துவிட்டன. 2014 முதல் ஸ்ரீராமபுரம் வழியே மெட்ரோ ரயில் ஓடுகிறது. விதான சௌதா அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது.

இப்பகுதியின் ஒரு சந்தில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். வயது எழுபது. கணவர் காலமாகிவிட்டார். சில வீடுகளில் பாத்திரம் தேய்த்து வாழ்க்கையை நடத்தியவருக்கு இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கன்னடம் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. ரேஷன் அட்டையில் அவருடைய பெயர் ஒருவிதமாகவும் ஆதார் அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. அண்டை வீட்டு இளைஞர் ஒருவர், “பாட்டி, உங்களுக்கு முதியோர் பென்ஷன் வருதா?” என்று கேட்கிறார். மூதாட்டி, “அதெல்லாம் எனக்கு எதுக்குப்பா? யார்கிட்டயும் கையேந்தாம இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். இனிமேலா போய்க் கேக்கப் போறேன்?” என்கிறார்.

இப்படிப்பட்டவருக்கு உதவி இல்லாமல் இல்லை. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள அறுபது வயது நிறைந்தோருக்கானது. கர்நாடக அரசின் ‘சந்தியா சுரட்சா’ திட்டம் 2007 முதல் அறுபத்தைந்து வயதைக் கடந்த ஏழை முதியோருக்காக நடைபெறுகிறது. அதன் மாதத் தொகை 2021-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கைம்பெண்களுக்குத் தனி ஓய்வூதியம் உண்டு. குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் ‘கிருஹலட்சுமி’ திட்டம் 2023 ஆகஸ்ட் 30 அன்று மைசூரில் தொடங்கி வைக்கப்பட்டது. ஒருவருக்கே இவை அனைத்தும் கிடைக்கும் என்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தகுதி விதிகள் உண்டு. ஆயினும் இவற்றுள் ஏதேனும் ஒன்று அந்த மூதாட்டிக்குப் பொருந்தக்கூடும். அவருக்கும் அந்த உதவிக்கும் நடுவே நிற்பவை மூன்று: அறியாமை, எழுத்துப் பிழை, வெட்கம். முதலிரண்டையும் ஒரு நாள் உழைப்பால் நீக்கலாம். மூன்றாவதை நீக்கச் சிந்தனை தேவைப்படுகிறது.

கேட்பது இரத்தல் ஆகுமா?

மூதாட்டியின் சொற்களில் உள்ள தன்மானத்தை நாம் வணங்க வேண்டும். உழைத்து உண்பதைப் பெருமையாகவும், பிறரிடம் கேட்பதை இழிவாகவும் எண்ணும் பண்பு நம் மக்களின் குருதியில் கலந்தது. திருக்குறளில் ‘இரவு’ என்ற அதிகாரத்தை அடுத்தே ‘இரவச்சம்’ என்ற அதிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. இரக்க நேரும் நிலையையும், இரப்பதற்கு அஞ்சும் மனத்தையும் வள்ளுவர் அருகருகே வைத்துப் பார்த்தார்.

அதே நூலின் அறத்துப்பாலில் வேறிரண்டு அதிகாரங்களும் அருகருகே அமைந்துள்ளன. முதலில் ஒப்புரவறிதல், அதற்குப் பின்னரே ஈகை. இந்த வரிசை ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஈகையில் உடையவர் ஒருவர், இல்லாதவர் ஒருவர் என இருவர் இருக்கின்றனர். ஒப்புரவோ, ஊரோடு சேர்ந்து வாழும் வாழ்வின் ஒழுங்கைக் குறிப்பது. அங்கே பெறுபவர் தாழ்ந்தவர் ஆவதில்லை. அவரும் அந்த ஊரில் ஓர் அங்கம்.

முதியோர் ஓய்வூதியத்தை ஒப்புரவின் பக்கமே வைக்க வேண்டும். அந்த மூதாட்டி ஐம்பது ஆண்டுகள் உழைத்திருக்கிறார். அவர் வாங்கிய சோப்பிலும் தீப்பெட்டியிலும் வரி செலுத்தியிருக்கிறார். அவர் காலையில் வந்து வேலையை ஏற்றுக்கொண்டதால்தான் சில வீடுகளில் உள்ளவர்கள் உரிய நேரத்தில் அலுவலகம் செல்ல முடிந்தது. இந்நகரின் வளத்தில் அவருடைய வியர்வையும் கலந்துள்ளது. முதுமையில் அதிலிருந்து ஒரு சிறு பகுதி அவரிடம் திரும்பி வருவதை யாசகம் என்று எப்படிக் கூறுவது?

கட்டடத் தொழிலாளர் நல நிதியில் இது இன்னும் தெளிவாக விளங்குகிறது. 1996-ஆம் ஆண்டுச் சட்டங்களால் தொடங்கப்பட்ட ஏற்பாட்டின்படி கட்டுமானச் செலவில் குறிப்பிட்ட விழுக்காடு செஸ் வரியாக வசூலிக்கப்பட்டு, தொழிலாளர் நல வாரியத்தில் சேர்கிறது. பதினெட்டு முதல் அறுபது வயதுக்குட்பட்ட, ஓராண்டில் தொண்ணூறு நாட்கள் கட்டட வேலை செய்த தொழிலாளி அதில் பதிவு செய்துகொள்ளலாம். அவர் எழுப்பிய சுவரிலிருந்து அவருக்காகவே எடுத்து வைக்கப்பட்ட பணம் அது. இந்த நிதி தொழிலாளரைச் சென்றடையாமல் பெருமளவில் தேங்கிக் கிடப்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அளித்த தீர்ப்பில் கடுமையாகக் கண்டித்தது. பணம் பெட்டியில் இருக்கிறது. உரியவர் சாரத்தின் மேல் நிற்கிறார். இருவரையும் சேர்த்து வைப்பவர் இல்லை.

தைத்திரீய உபநிஷதத்தில், கல்வி முடித்துச் செல்லும் சீடனுக்கு ஆசிரியர் கூறும் அறிவுரைகளுள் கொடுக்கும் முறையும் ஒன்று. நாணத்தோடு கொடுக்குமாறு அங்கே ஆசிரியர் சொல்கிறார். நாணம் கொடுப்பவருக்கு உரியதாகக் கூறப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். நாமோ அதனைப் பெறுபவரின் தலையில் ஏற்றிவிட்டோம். மூதாட்டியின் மனத்தில் உள்ள வெட்கம் அவர் பிறவியிலேயே கொண்டுவந்தது அன்று. வரிசையில் நின்றபோது கேட்ட சுடுசொற்களும், ‘நாளைக்கு வா’ என்ற விரட்டலும் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்தவை அவை. அந்தச் சுமையை இறக்கி வைக்க ஒருவர் உடன் வந்தால், அலுவலகத்தின் வாசற்படி அவ்வளவு உயரமாகத் தோன்றாது.

அறிந்தவருக்குள்ள கடன்

‘திட்டத்தை அறிவித்தது அரசு, மக்களுக்குத் தெரிவிக்க வேண்டியதும் அரசே. நமக்கென்ன?’ என்று ஒருவர் கேட்கலாம். அரசின் பொறுப்பு முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவருக்குள்ள பொறுப்பு மற்றவரின் பொறுப்பை அழித்துவிடுவதில்லை. இரவில் பாலம் உடைந்திருப்பதைக் கண்டவர், எச்சரிக்கைப் பலகை வைப்பது பொதுப்பணித் துறையின் வேலை என்று கூறிவிட்டு வீட்டுக்குச் செல்வாரா? எதிரே வருபவரைக் கைகாட்டி நிறுத்துவது அவருடைய கடமை ஆகிறது. கண்டது ஒன்றே அந்தக் கடமையைத் தந்துவிடுகிறது.

1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், 1981-இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை நிறுவினார். உணவு குறைந்ததால் மட்டுமே மக்கள் மடிவதில்லை. இருக்கும் உணவைப் பெறும் வழி தங்களுக்கு இல்லாமற் போவதாலும் மடிகிறார்கள். பொருள் இருப்பது வேறு, அது உரியவர் கையில் சேர்வது வேறு என்னும் இந்த வேறுபாடு பஞ்ச காலத்துக்கு மட்டும் உரியதன்று.

இதை உணர்ந்து ஒரு சமுதாயம் செயற்பட்டதற்குப் பிரிட்டனில் சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அந்நாடு இறங்கிய மறுநாள், 1939 செப்டம்பர் 4 அன்று, குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் அங்கே திறக்கப்பட்டன. முதலில் தொடங்கியவை சுமார் இருநூறு. ரேஷன், கடன், காணாமற்போன உறவினர், குண்டுவீச்சில் இழந்த வீடு எனப் பல இன்னல்களுடன் வந்த மக்களுக்குத் தொண்டர்கள் அமர்ந்து வழி சொன்னார்கள். குதிரைகளை ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்றுகூட நடமாடும் நிலையமாக மாற்றப்பட்டது. போர் முடிந்த பின்னும் அந்தப் பணி நிற்கவில்லை, இன்றும் தொடர்கிறது. அவர்கள் பணம் கொடுக்கவில்லை. தகவலைக் கொடுத்தார்கள், அதைப் பொறுமையோடு கொடுத்தார்கள்.

‘உதவி மக்களைச் சோம்பேறிகளாக்கும்’ என்பது மற்றோர் எதிர்வாதம். அளவின்றிக் கொடுப்பதில் அந்த அபாயம் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எழுபது வயது மூதாட்டியின் ஓய்வூதியமோ, சாரத்திலிருந்து விழுந்தவரின் குடும்பத்துக்கான நிவாரணமோ, அறுவை சிகிச்சைக்கான காப்பீடோ யாரைச் சோம்பேறியாக்கும்? கந்துவட்டிக்கு வாங்கிய மருத்துவக் கடன்தான் ஒரு குடும்பத்தின் உழைப்பைப் பல ஆண்டுகளுக்கு அடிமையாக்குகிறது. அந்தக் கடனில் விழாமல் காப்பது அவர்கள் தம் காலில் நிற்க உதவுவதே ஆகும்.

உரிய காலம், உரிய இடம்

பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. கைம்மாறு கருதாமல், கொடுப்பது கடமை என்னும் எண்ணத்தோடு, உரிய இடத்தில், உரிய காலத்தில், தக்கவருக்குக் கொடுப்பது சாத்துவிக தானம். மதிப்பின்றி, இகழ்ந்து கொடுப்பது தாமசம். தகவலைத் தானமாகக் கொள்வோமானால், இந்த அளவுகோல் அதற்கு மிக நன்றாகப் பொருந்துகிறது.

காலத்தை எடுத்துக்கொள்வோம். 2018-இல் தொடங்கிய ‘ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்ய கர்நாடகா’ திட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக் காப்பு உண்டு. அவசர நிலை அல்லாதபோது, அரசு மருத்துவமனையில் காட்டி, அங்கு அந்தச் சிகிச்சைக்கு வசதி இல்லையெனில் பரிந்துரைக் கடிதம் பெற்ற பின்னரே திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பது அதன் முறை. ஒக்கலிபுரத்தில் இருப்பவருக்கு மல்லேஸ்வரத்தின் கே.சி. பொது மருத்துவமனை தொலைவில் இல்லை. இந்தச் செய்தியைச் சிகிச்சைக்கு முன்பு அறிந்த குடும்பம் பிழைத்துக்கொள்கிறது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பிறகு அறிந்த குடும்பத்துக்கு அதே செய்தி வேதனையை மட்டுமே தருகிறது.

இடமும் அவ்வாறே. ஓய்வூதிய விண்ணப்பத்துக்கும் வருமானச் சான்றிதழுக்கும் ‘நாட கச்சேரி’ என்று வழங்கும் அடல்ஜி ஜனஸ்நேகி மையத்துக்குச் செல்ல வேண்டும். கட்டடத் தொழிலாளி நாட வேண்டியது தொழிலாளர் துறை. 2005-இல் தொடங்கிய ‘பெங்களூரு ஒன்’ மையங்களில் பல துறைகளின் சேவைகள் ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. 2025-இல் பெருநகர பெங்களூரு ஆணையம் அமைந்து, பழைய மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. படித்தவரே எந்த அலுவலகம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று விசாரித்து அறிய வேண்டியுள்ளபோது, ஒரு நாள் கூலியை இழந்து வருபவரைத் தவறான வாசலில் நிறுத்துவது எத்தனை பெரிய இழப்பு!

கர்நாடகத்தில் 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2012 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ‘சகால’ ஏற்பாட்டை அறிந்து வைத்திருப்பது நல்லது. சகால என்ற சொல்லுக்கே உரிய காலத்தில் என்பது பொருள். அதன்கீழ் வரும் சேவைகளுக்கு விண்ணப்பித்தவுடன் ஓர் எண் கொண்ட ஒப்புகைச் சீட்டு தரப்படும். குறித்த நாளுக்குள் பணி முடியாவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய் வீதம், 500 ரூபாய் வரை ஈட்டுத்தொகை கோரவும் சட்டம் இடம் தந்தது. தொகை சிறியது. ஆனால் கையில் அந்தச் சீட்டை வைத்திருப்பவர் கெஞ்ச வேண்டியவர் அல்லர். கேட்கும் உரிமை உடையவர்.

மதிப்பின்றிக் கொடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகமும், 2017 ஆகஸ்டில் பெங்களூருவில் தொடங்கிய இந்திரா கேன்டீனும் பெற்ற வரவேற்புக்கு மலிவான விலை மட்டுமே காரணமாகாது. அங்கே உண்ண வருபவரிடம் ‘நீ ஏழைதானா?’ என்று யாரும் சான்று கேட்பதில்லை. பெங்களூருவில் காலைச் சிற்றுண்டிக்கு 5 ரூபாயும் உணவுக்கு 10 ரூபாயும் என்று தொடங்கிய அந்த இடத்தில், சுமை தூக்குபவரும் வேலை தேடி வந்த மாணவரும் அருகருகே நின்று உண்ண முடிந்தது. காசு கொடுத்து உண்டோம் என்ற நிறைவும் அவர்களுக்கு இருந்தது.

உடன் செல்பவருக்குரிய ஒழுக்கம்

இந்தத் தொண்டில் இறங்குபவருக்குச் சில சோதனைகள் காத்திருக்கின்றன. முதற்சோதனை பொய். வருமான வரம்பைச் சிறிது தாண்டிய ஒரு குடும்பம், ‘கொஞ்சம் குறைத்து எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்கும். அவர்களுடைய துன்பமும் உண்மையானதே. இருப்பினும் அவ்வாறு எழுதும் கை, வரிசையில் பின்னால் நிற்கும் மற்றோர் ஏழையின் இலையிலிருந்து எடுக்கிறது. வரம்பு நியாயமற்றது எனத் தோன்றினால் அதனை மாற்றும்படி வெளிப்படையாகக் கோரலாம். அவர்களுக்குப் பொருந்தும் வேறு உதவியைத் தேடலாம். பொய்யின் துணையோடு செய்யும் நன்மை, செய்பவரையும் பெறுபவரையும் மெல்ல அரித்துவிடும்.

இரண்டாவது சோதனை, வாக்குறுதி. ‘கட்டாயம் கிடைத்துவிடும்’ என்று கூறுவது எளிது. கிடைக்காதபோது அந்த ஏமாற்றம் பழைய வறுமையைக் காட்டிலும் கொடியது. ‘முயன்று பார்ப்போம், நான் உடன் வருகிறேன்’ என்பதற்கு மேல் சொல்ல நமக்கு உரிமையில்லை.

மூன்றாவது மிக நுட்பமானது. ‘என்னால் இவருக்குப் பென்ஷன் கிடைத்தது’ என்ற எண்ணம் நம்முள் எழும். உண்மையில் நாம் கொடுத்தது எதுவுமில்லை. அவருடையது அவரிடம் சேர்ந்தது. தபாற்காரர் மணியார்டரைக் கொண்டுவந்து கொடுக்கிறார். பணம் அனுப்பியவர் தாமே என்று அவர் எண்ணுவதில்லை. நம்முடைய இடமும் அதுதான். எனவே உதவி பெற்றவரைப் பக்கத்தில் நிறுத்திப் புகைப்படம் எடுப்பதும், அவருடைய கதையை நாலு பேரிடம் சொல்வதும் ஆகாது. அவருடைய ஆதார் எண்ணையும் வங்கி விவரங்களையும் நாம் குறித்து வைத்துக்கொள்ளக் கூடாது. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதை அவருக்குப் பொறுமையாக விளக்க வேண்டும். ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று பணம் பறிக்கும் இடைத்தரகரிடமிருந்து காப்பதும் இந்தத் தொண்டில் அடங்கும்.

நான்காவதாக, பழக்கிவிடுதல் வேண்டும். முதன்முறை நாம் உடன் செல்வோம். இரண்டாம் முறை அவரே பேசட்டும். நாம் பின்னால் நிற்போம். மூன்றாம் முறை அவர் தம் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துச் சென்றால் நம் பணி நிறைவேறிற்று.

எங்கே தொடங்குவது?

பெரிய அமைப்பு எதுவும் இதற்குத் தேவையில்லை. நம் வீட்டில் வேலை செய்பவர், தெருமுனையில் காய்கறி விற்பவர், அடுக்ககத்தின் காவலாளி ஆகியோரிடமிருந்தே தொடங்கலாம். வண்டிக் கடைக்காரர்களுக்காக ‘பி.எம். ஸ்வநிதி’ கடன் திட்டம் 2020 ஜூன் முதல் உண்டு. எந்தத் தெருவிலும் அங்கன்வாடிப் பணியாளரும் ஆஷா பணியாளரும் பல திட்டங்களை அறிந்தவர்கள். அவர்களிடம் பணிவோடு கேட்டறியலாம். முதியோர் உதவிக்கு 14567, சிறார் பாதுகாப்புக்கு 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பதே ஒரு தொண்டு. சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்கள் எவ்வருமானத்தினராயினும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

நூறு ரூபாயைக் கையில் வைத்துவிட்டு நடந்து செல்வது நமக்கு எளிதாக இருக்கிறது. ஒரு காலைப் பொழுதைக் கொடுத்து, வெயிலில் வரிசையில் அருகே நிற்பது கடினமாக இருக்கிறது. ஏனெனில் முதலாவதில் நாம் மேலே நிற்கிறோம். இரண்டாவதில் அவரோடு ஒரே தரையில் நிற்கிறோம். ‘அந்தச் சன்னலுக்குப் போ’ என்று அவரை விரட்டும் குரல் நம் செவியிலும் விழுகிறது. அவர் ஆண்டுக்கணக்கில் தாங்கியதை நாம் அரை மணி நேரம் தாங்குகிறோம். அந்த அரை மணி நேரத்தில் நம் உள்ளத்தில் ஏற்படும் மாற்றம், பல நூல்களைப் படித்தும் எளிதில் ஏற்படாதது.

ஆகவே, நாம் எழுப்பிய கேள்விக்கு விடை கூறுவது கடினமன்று. வழி சொல்வது தானமாகத் தொடங்கலாம். ஆனால் அறிந்த பிறகு அது கடனாகிவிடுகிறது. அந்தக் கடனைத் தீர்க்க மாதம் ஒரு காலைப் பொழுது போதும். இந்த மாதத்தில் ஒருவரிடமாவது, “அம்மா, உங்களுக்குச் சேர வேண்டியது எல்லாம் சேருகிறதா?” என்று கேட்டுப் பார்ப்போம். அவருடைய விடையைப் பொறுமையாகக் கேட்போம். பிறகு அவருடைய காகிதங்களை அவர் கையிலேயே கொடுத்து, வாசல்வரை உடன் செல்வோம்.